பின்னி மில் சங்கும் புளியந்தோப்புச் சேரியும்

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எது? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் பதில் வந்துவிடும்: சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27, தலைவர் பி.பி. வாடியா, துணைத் தலைவர் திரு.வி.க. மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்தச் சங்கம் பிறந்து மூன்றே ஆண்டுகளில், அதே ஆலைக்குப் பக்கத்துச் சேரியில் நூறு குடிசைகள் அளவுக்கு எரிந்து சாம்பலாயின. குடிசைகளுக்குள் வாழ்ந்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். கொளுத்த வந்த கூட்டமும் ஆலைத் தொழிலாளர்களின் கூட்டம்தான். இது எந்தத் தேர்விலும் வருவதில்லை.

வடசென்னையை உருவாக்கியது பின்னி கம்பெனி என்று சொல்வது வழக்கம். அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு கம்பெனி ஊரை உருவாக்கியது என்றால் சாலையும் சங்கும் சம்பளமும் மட்டுமா கணக்கு? யார் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், பட்டினி வந்தபோது யாருக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது, யாருக்கு இல்லை என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அப்படிக் கணக்குப் பார்த்தால் 1921 ஒரு விபத்தாகத் தெரியாது.

பஞ்சத்திலிருந்து தொடங்குவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சம். அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக, எலும்பும் தோலுமாக வந்தவர்களைக் கொண்டு வெட்டினார்கள். கால்வாய்க்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அதே காலத்தில், 1876-இல், பின்னி கம்பெனி பெரம்பூர்ப் பக்கம் தொடங்கிய நூற்பு நெசவு ஆலைக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது. பக்கிங்ஹாம் மில். சில ஆண்டுகளில் அதன் அருகிலேயே கர்நாடிக் மில் வந்தது. 1920-இல் இரண்டும் ஒரே கம்பெனியாகின. மக்கள் வாயில் எப்போதும் அது ‘பி அண்ட் சி மில்’, இல்லையென்றால் வெறும் ‘பின்னி மில்’.

பின்னி முதலில் ஆலை முதலாளி அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதராசுக்கு வந்த ஜான் பின்னியின் பெயரில் வளர்ந்த வணிக ஏஜென்சி. கப்பல், வங்கி, ஏற்றுமதி என்று கை வைக்காத தொழில் இல்லை. 1906-இல் அர்பத்நாட் வங்கி திவாலாகி மதராசே ஆட்டம் கண்டபோது பின்னியும் ஆடியது. பின்னாளில் இஞ்ச்கேப் பிரபு ஆன மெக்கே அதைக் கைதூக்கி விட்டார். முதலாளிகளின் இந்தக் கதைக்கு நிறையப் புத்தகங்கள் உண்டு, ஆகவே இதோடு விடுகிறேன். நமக்கு வேண்டியது வேறு: தறியில் நின்றது யார்?

செங்கல்பட்டு மாவட்டத்தை அப்போதைய ஆவணங்கள் வழியாகப் பாருங்கள். நிலம் மிராசுதார்கள் கையில். சேரிக்காரர்களுக்குக் குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை. கோபம் வந்தால் மிராசுதார் குடிசையைப் பிரித்துப் போடலாம். இதையெல்லாம் விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பியவர் அந்த மாவட்டத்துக் கலெக்டர் ட்ரெமன்ஹீர். அவர் அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. இன்று நாம் எந்தப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கூட்டம் போடுகிறோமோ, அந்த நிலம் ஒதுக்கப்பட்ட அதே செங்கல்பட்டிலிருந்துதான் பறையர் குடும்பங்கள் மதராசுக்கு நடந்து வந்தன. ஆலை அவர்களுக்கு என்னவாகத் தெரிந்திருக்கும்? காலையிலிருந்து மாலைவரை பன்னிரண்டு மணி நேரம் அளவுக்கு வேலை, பஞ்சுத் தூசி, வெள்ளைக்கார அதிகாரியின் உதை. ஆனாலும் சம்பளம் காசாகக் கையில் வந்தது. களத்துமேட்டில் நின்று படி நெல்லுக்குக் கையேந்த வேண்டாம். இந்த வித்தியாசத்தைக் கிராமத்துச் சேரியில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆலை பெரம்பூரில் வந்ததற்குக் காரணங்கள் எளியவை. அங்கே ஏற்கெனவே ரயில்வே பட்டறை இருந்தது. ரயில் பாதையும் இருந்தது. கோட்டைக்கும் கருப்பர் பட்டணத்துக்கும் வடமேற்கே, நகரத்தின் விளிம்பில் இடம் தாராளமாகக் கிடைத்தது. தான் கண்ணில் பார்க்க விரும்பாததை எல்லாம் நகரம் தள்ளி வைத்த பக்கமும் அதுதான். ஆட்டுத்தொட்டி அங்கே. கொஞ்சம் தெற்கே பெரியமேட்டில் தோல் மண்டி. மழை பெய்தால் ஓட்டேரி நாலா பொங்கித் தெருவுக்குள் வரும். அந்தத் தாழ்ந்த நிலத்தில், புளியந்தோப்பில், சேரி வளர்ந்தது. சாதியைப் பின்னி கண்டுபிடிக்கவில்லை. ஊரும் சேரியும் தனித்தனியாகவே நகரத்துக்கு வந்தன. கம்பெனி ஒரே சங்கை ஊதி இருவரையும் ஒரே வாசல் வழியாக உள்ளே அழைத்தது. மாலையில் வெளியே வந்ததும் அவரவர் பழைய எல்லைக்குள் போனார்கள். 1920 அளவில் இரண்டு ஆலையிலும் சேர்த்துப் பத்தாயிரம் பேர் அளவுக்கு வேலை செய்தார்கள்: சாதி இந்துக்கள், ஆதி திராவிடர்கள், முஸ்லிம்கள். சூளை, பட்டாளம், ஓட்டேரி, பெரம்பூர் என்று ஒவ்வொரு பக்கத்துத் தெருவும் அந்தச் சங்குச் சத்தத்துக்கு எழுந்து அந்தச் சங்குச் சத்தத்துக்கு உலை வைத்தது. பட்டாளத்துக்குக் காக்கி நெய்து கொடுத்து, முதல் உலகப் போரில் கம்பெனி நன்றாகவே சம்பாதித்தது. அதே போர்க்காலத்தில் அரிசி விலையும் துணி விலையும் ஏறின. கூலி ஏறவில்லை.

சங்கம் வந்தது இந்தப் பின்னணியில்தான். தொடங்கியவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். இருவரும் ஆலைப் பகுதியில் கடை வைத்திருந்தவர்கள். தங்கள் கடைக்கு வந்த தொழிலாளிகளின் துயரத்தைக் கேட்டுக் கேட்டு, ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பியவர்கள். அவர்கள் நடத்திய வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்ற பக்திச் சபையின் கூட்டத்தில் 1918 மார்ச்சில் திரு.வி.க. பேசினார். அடுத்த மாதம் சங்கம் பிறந்தது. இந்தியத் தொழிலாளர் இயக்கம் ஒரு வைணவ பக்திச் சபையின் மடியில் பிறந்தது என்பதைப் பலர் அழகான செய்தியாக எழுதுகிறார்கள். நான் அதை வேறு மாதிரி வாசிக்கிறேன். 1918-இல் ஒரு பக்திச் சபையின் பாயில் யாருக்கு உட்கார இடம் இருந்திருக்கும், யார் வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்கள்? சங்கத்தின் விதிகளில் சாதி இல்லை, அது உண்மை. திரு.வி.க. மனதிலும் இல்லை. ஆனால் சங்கம் எந்தத் தெருவில் கூடியது, யார் வீட்டுத் திண்ணையில் பேசியது என்பதெல்லாம் விதிப் புத்தகத்தில் எழுதப்படுவதில்லை.

கம்பெனி சங்கத்தைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1920 கடைசியில் பக்கிங்ஹாம் மில் பல வாரங்கள் மூடிக் கிடந்தது. டிசம்பர் 9 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். வாடியா முதலான தலைவர்கள் மீது பின்னி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. தொழிலாளர்களை வேலைக்குப் போகாமல் தடுப்பது ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவதாகும் என்பது வாதம். சங்கம் வைப்பதே குற்றமாகிவிடும் என்று நாடு முழுக்கக் கவலை எழுந்தது. 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வரை அந்தக் கவலை நீண்டது. இன்று நாம் எல்லோரும் அனுபவிக்கும் ஓர் உரிமை பெரம்பூர்த் தெருவிலிருந்து கிளம்பியது என்பதை மறுக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை. வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும் என்ற நிபந்தனையோடு 1921 ஜனவரியில் சமரசம் ஆனது.

மே 20 அன்று கர்நாடிக் மில்லில் மறுபடி வேலை நின்றது. ஜூன் 20 அன்று பக்கிங்ஹாம் மில்லிலும் நின்றது. இந்த முறை ஆதி திராவிடர்களில் பெரும்பகுதியினர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. இங்கேதான் பெரும்பாலான தொழிலாளர் வரலாறுகள் ஒரு வரியில் கடந்து போகின்றன. “ஆலை நிர்வாகம் ஆதி திராவிடர்களைப் பிரித்தது” என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். அந்த வரியில் நம் மக்களுக்கு மூளையே இல்லை. யாரோ பிரித்தார்கள், இவர்கள் பிரிந்தார்கள், அவ்வளவுதான்.

கொஞ்சம் அவர்கள் இடத்திலிருந்து பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் ஆலை மூடிக் கிடந்து, எல்லோரோடும் சேர்ந்து பட்டினியைப் பார்த்திருந்தார்கள். கிராமத்தில் துண்டு நிலமோ உறவுக்காரரின் வீடோ இருந்தவன் நெருக்கடியில் ஊருக்குப் போய் ஒரு மாதம் தள்ளலாம். சேரியிலிருந்து வந்தவன் ஊருக்குப் போனால் மிராசுதாரின் காலில் விழ வேண்டும். கடைக்காரர் கடன் கொடுப்பதும் சாதி பார்த்துத்தான். ஆதி திராவிடர் மகாஜன சபையில் பணியாற்றியவரும் சட்டசபையில் நம் மக்களின் பிரதிநிதியுமான எம்.சி. ராஜா, வேலைக்குத் திரும்புங்கள் என்றார். அவர் சொன்னது சரியா தவறா என்று நாம் விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் அது ஓர் அரசியல் முடிவு. தங்கள் பசியையும் பாதுகாப்பையும் சங்கம் கணக்கில் எடுக்கவில்லை என்று கண்ட ஒரு சமூகம் எடுத்த முடிவு. கம்பெனிக்கு அது வசதியாக இருந்ததா? நிச்சயமாக. திரும்பி வந்தவர்களை வைத்துத்தான் அது ஆலையை ஓட்டியது. அவர்கள் மேல் பின்னிக்குத் திடீர் அன்பு ஒன்றும் பிறந்துவிடவில்லை.

ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்புச் சேரி தாக்கப்பட்டது. குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதன்பின் மாதக்கணக்கில் வடசென்னைத் தெருக்களில் அமைதி இல்லை. கல்லடி, கத்திக்குத்து, பதிலுக்குப் பதில். ஆதி திராவிடர்களும் திருப்பி அடித்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. அந்தத் தோல்வியில் சங்கமும் முடங்கி, மறுபடி எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

கவனிக்க வேண்டியது இதுதான்: கோபம் கம்பெனி மேல் என்றால் கல் கம்பெனி மேல் விழ வேண்டும். குடிசை ஏன் எரிந்தது? வேலைக்குப் போனது ஆதி திராவிடர்கள் மட்டுமல்ல. ஆனால் எரிக்கக்கூடிய இடமாக, எரித்தால் யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள் என்ற இடமாகத் தெரிந்தது சேரி. வெண்மணிக்கு 47 ஆண்டுகளுக்கு முன்பே, கிராமத்தில் அல்ல, மாகாணத் தலைநகரில், நவீன ஆலைக்குப் பக்கத்தில் இது நடந்தது. தொழிற்சாலை வந்தால் சாதி கரையும் என்று நம்பிய எல்லோருக்கும் புளியந்தோப்பு ஒரு கேள்வியாக நிற்கிறது.

வீடிழந்தவர்களுக்கு அரசு வியாசர்பாடியில் முகாம் அமைத்தது. முகாம் பொறுப்பு லேபர் டிபார்ட்மென்டிடம். இந்தப் பெயரில் ஒரு விசித்திரம் உண்டு. சென்னை மாகாணத்தில் ‘தொழிலாளர் துறை’ என்றால் ஆலைத் தொழிலாளர் துறை மட்டுமல்ல. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குப் பள்ளி, மனை, கிணறு எல்லாவற்றுக்கும் அதுவே துறை. நம் தாத்தா பாட்டிகள் படித்த ‘லேபர் ஸ்கூல்’ அப்படி வந்த பெயர்தான். இன்றைய ஆதி திராவிடர் நலத்துறையின் வேரும் அங்கே இருக்கிறது. அதாவது அரசின் கோப்புகளில் நாம்தான் தொழிலாளர். சங்கத்தின் பார்வையில் நாம்தான் தொழிலாளர் ஒற்றுமையைக் கெடுத்தவர்கள். ஒரே ஆண்டில், ஒரே நகரத்தில், இரண்டும்.

அப்போது மாகாணத்தில் ஜஸ்டிஸ் கட்சி மந்திரிசபை. போலீஸ் அவர்கள் கையில் இல்லை, அது கவர்னரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தது. ஆனால் வாய் அவர்களிடம் இருந்தது. அந்த வாய் என்ன சொன்னது? லேபர் டிபார்ட்மென்ட் அதிகாரிகள் ஆதி திராவிடர்களுக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்ததும் இந்த நிலைக்கு ஒரு காரணம் என்று கட்சியின் ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகை எழுதியது. வீடு எரிந்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவதன் பெயர் செல்லம். இடஒதுக்கீட்டு வரலாற்றில் ஜஸ்டிஸ் கட்சியின் இடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ‘பிராமணரல்லாதார்’ என்ற பெரிய குடைக்குள் நமக்கு எத்தனை அங்குலம் நிழல் இருந்தது என்பதை 1921 அளந்து காட்டிவிட்டது. எம்.சி. ராஜா 1923-இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார். அதற்கு முந்தைய ஆண்டு, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என்ற ஆணையை அவர் பெற்றுத் தந்திருந்தார். புளியந்தோப்பின் சாம்பல் ஆறுவதற்குள் கேட்டு வாங்கிய பெயர் அது.

‘கருங்காலி’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைநிறுத்தத்தை உடைப்பவனை ஆங்கிலேயர்கள் கறுத்த கால்காரன் என்று ஏசினார்கள். அதைத் தமிழாக்கும்போது நமக்கு ஒரு மரத்தின் பெயர் கையில் இருந்தது. உரலும் உலக்கையும் செய்யும் உறுதியான மரம் துரோகியின் பெயராகிவிட்டது. தொழிற்சங்க மேடைகளில் இன்றும் அந்தச் சொல் சுலபமாக வருகிறது. அடுத்த முறை காதில் விழும்போது, வடசென்னையில் ஒரு காலத்தில் அந்த ஏச்சு யாருடைய தெருவைப் பார்த்துச் சொல்லப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பம்பாயிலும் இதே முடிச்சு விழுந்தது. அங்கே ஆலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதார் நுழைய முடியாது. ஷட்டிலில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அந்த எச்சில் தங்கள் வாயில் படக் கூடாது என்பது சக தொழிலாளிகளின் வாதம். 1928 பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் கேட்டார்: முதலாளியிடம் வைக்கும் கோரிக்கைப் பட்டியலில் இதற்கு இடம் உண்டா? வேண்டா வெறுப்பாகத்தான் அது சேர்க்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1938-இல், மன்மாடில் தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அவர் பேசினார். பார்ப்பனியம், முதலாளித்துவம் என இந்த நாட்டின் தொழிலாளிக்கு எதிரிகள் இரண்டு என்றார். மன்மாடு உரையை நம் வாசிப்பு வட்டங்களில் நிறையப் படிக்கிறோம். அதைப் புளியந்தோப்போடு சேர்த்துப் படித்தால் அந்த வாக்கியம் தத்துவமாகத் தெரியாது, தெருவாகத் தெரியும்.

பின்னி தன் பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1922-இல் சங்கத்துக்குப் பதிலாக நிர்வாகமே ஒரு நலக் குழுவை அமைத்தது. பள்ளி, மருந்தகம், கூட்டுறவுக் கடை. ‘கிராமம்’ என்ற பெயரில் வரிசை வீடுகளையும் கட்டியது. நல்ல முதலாளி என்று விருந்தினர்களெல்லாம் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வீடுகள் தொழிலாளர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே போதும். மற்றவர்கள் புறம்போக்கிலும் வாடகைக் குடிசையிலும் காலம் தள்ளினார்கள். வடசென்னையின் இன்றைய வரைபடத்தைப் பிரித்தால் இந்தப் பிரிவு அப்படியே கிடக்கிறது. ஆலை வாசலுக்கு வெளியே சாலைகளுக்கு வெள்ளைக்காரப் பெயர்கள். அவற்றுக்குப் பின்னால், நாலாவும் கால்வாயும் ரயில் பாதையும் வெட்டிய துண்டு நிலங்களில், பட்டா இல்லாத தலைமுறைகள்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆலை பெருமையோடு இருந்ததும், பின்னர் விசைத்தறியும் பாலியெஸ்டரும் வந்து சரிந்ததும், 1980-களில் மாதக்கணக்கில் மூடித் திறந்ததும், 1996-இல் ஒரேயடியாக மூடியதும் பலருக்கு வீட்டுக் கதையாகவே தெரிந்திருக்கும். காலியான கட்டடங்களில் கொஞ்ச காலம் சினிமாச் சண்டைகள் படமாகின. கதாநாயகன் உருண்டு புரண்ட அந்தத் தூசி நம் தாத்தாக்களின் நுரையீரலில் இருந்த தூசிதான். பிறகு நிலம் கைமாறியது. இன்று அங்கே கோடிகளில் விலை பேசும் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஓர் ஆலை 120 ஆண்டுகள் ஓடியதில் சேர்ந்த சொத்து எங்கே போனது என்று கேட்டால், நிலமாக நின்றது, நில உரிமையாளருக்குப் போனது. உழைத்தவர்களுக்கு அவர்கள் நின்ற தறியும் சொந்தமில்லை, படுத்த தரையும் சொந்தமில்லை.

புளியந்தோப்பில் கே.பி. பார்க் என்ற இடத்தில் குடிசைகளை அகற்றி அரசு பல மாடிக் குடியிருப்பு கட்டியது. 2021 ஆகஸ்டில் அது செய்தியானது: குடியேறிய மக்கள் சுவரைத் தொட்டால் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. விரலால் சுரண்டிக் காட்டும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எரிப்பு நடந்து சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்தக் கட்சியும் அந்த ஆண்டில் நூற்றாண்டு நினைவுக் கூட்டம் போட்டதாக என் கண்ணில் படவில்லை. அடுத்த ஏப்ரல் 27 அன்று தொழிற்சங்கத் தோழர்கள் பெரம்பூரில் கொடியேற்றும்போது உங்களில் சிலராவது அங்கே போங்கள். கொடி ஏறட்டும். அங்கிருந்து புளியந்தோப்பு நடக்கும் தூரம்தான், அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.